ஊர்தி நம்முடையது; உருளியின் மொழி யாருடையது?



திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், 3.717 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் கொண்ட ஊர்தி ஓட்டத்தடம் 1990ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. அதற்கு முன்னர்ச் சோழவரத்துப் பழைய வானூர்தித் தளத்தில் பந்தயங்கள் நடந்தன. இன்றோ பந்தயக்காரர் மட்டுமின்றி, கட்டணம் செலுத்தித் தத்தம் ஊர்தியையே மூடிய தடத்தில் விரைந்தோட்டிப் பார்க்கும் இளைஞரும் பெருகியுள்ளனர். 'டிராக் டே' என அவர்கள் வழங்கும் அந்நாளைத் தடநாள் என்போம்.

பொருள் படைத்தோரின் பொழுதுபோக்கிற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். உயிரைப் பற்றிய தொடர்பு என்பதே நம் விடை!

தடநாளுக்கு அணியமாகும் இளைஞன் முதலில் ஓடுவது உருளிக் கடைக்கு. அங்கே 'அலாய்' என்றும் 'கிரிப்' என்றும் 'காம்பவுண்டு' என்றும் ஆங்கிலச் சொன்மழை பொழிகின்றது. பொருள் விளங்காவிடினும், கேட்டால் இழிவென்று அஞ்சித் தலையாட்டுகின்றான். பளபளக்கும் பெரிய உருளிகளோடு வீடு திரும்புகின்றான். தன் உயிரைத் தாங்கும் பொருளைத் தான் அறியாத மொழியில் வாங்கியவன், அறிந்து வாங்கியவன் ஆவானா?

வண்டி செய்த நம் முன்னோர்க்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. உருளி, குறடு, ஆர், வட்டை, அச்சு, கடையாணி என உறுப்புதோறும் பெயரிட்டனர். உருளியின் புறவிளிம்பே வட்டை. இன்று 'டயர்' எனப்படும் தொய்வ வளையம் இருப்பதும் அவ்விடத்திலேயே. அதனை வட்டை என்பதில் என்ன தடை?

அவ்வட்டையின் பக்கச் சுவரில் உள்ள எழுத்துகளைத் தமிழால் படித்துப் பாருங்கள். 185/65 ஆர் 15 88 எச் என்றிருப்பதாகக் கொள்வோம். வட்டையின் அகலம் 185 மி.மீ.; சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு; 'ஆர்' என்பது உள்ளிழைகள் ஆரம்போல் அமைந்த கட்டமைப்பு; அது பொருந்தும் உருளியின் விட்டம் 15 விரலம், அதாவது அங்குலம். 88 என்பது 560 கிலோ சுமை தாங்கும் என்பதன் குறி. 'எச்' என்பது மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும் என்பதன் குறி. மயிற்பீலியே ஆயினும் அளவு மீறினால் அச்சு முறியும் என்றறிவுறுத்திய வள்ளுவப் பேராசான் வழிவந்தோர், இவ்விரு குறிகளையும் அறியாமல் விரைந்தோடலாமா?

உருளியைத் தேர்வதில் நேரும் முதற்பிழை, பெரிதே சிறந்தது என்னும் மயக்கம். உருளி பெருத்தால் பெரும்பாலும் எடையும் பெருகும். எடை மிகுந்த உருளியை விரைவுபடுத்துவதும் நிறுத்துவதும் கடினம். மாற்றியே தீரவேண்டுமாயின் மொத்த விட்டம் மாறாதிருத்தல் வேண்டும். மேற்சொன்ன வட்டையின் மொத்த விட்டம் ஏறத்தாழ 621 மி.மீ.; 195/55 ஆர் 16 வட்டையின் விட்டமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே இம்மாற்றம் விட்டத்தால் பொருந்தும். நடுத்துளை குறட்டில் செவ்வனே அமர்கின்றதா, தடுப்பியில் உருளி உரசுகின்றதா என்பனவற்றையும் கம்மியரிடம் கேட்டறிக.

வட்டையைத் தேர்வதில் நேரும் பிழை, மென்மையானதே மேலானது என்பது. மெல்லிய தொய்வம் தரையை இறுகப் பற்றும். ஆயின் விரைந்து தேயும். வரி குறைந்த பந்தய வட்டையோ ஈரத் தடத்தில் நீரை வெளியேற்றாது வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதனை நம்பி வீடு திரும்புவது அறியாமை. முதன்முறை தடமேறுவோர்க்குப் பழுதற்ற நல்ல சாலை வட்டையே போதும் என்பது எம் கருத்து. பிடி தளரும் முன்னர் அது கிறீச்சிட்டு எச்சரிக்கும். ஓட்டக் கற்பவனுக்கு அவ்வொலியே ஆசான். வட்டையின் அகவையையும் நோக்குக. செய்த நாளைக் குறிக்கும் நான்கு இலக்கங்கள் 2319 எனின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது என்று பொருள். வரி ஆழமாக இருப்பினும் முதிர்ந்த தொய்வம் இறுகிப் பிடியிழக்கும்.

ஓடத் தொடங்கியதும் வட்டை சூடேறி உள்ளே காற்றழுத்தம் உயரும். ஆகவே, சில சுற்றுகள் முடித்து வந்தவுடன் அளந்து, மிகையான காற்றை விடுக. வீடு திரும்புமுன், ஆறிய வட்டையில் மீண்டும் உரிய அளவு நிரப்புக. முதல் ஓட்டம் முடிந்ததும் உருளி மரைகளின் இறுக்கத்தை மறவாது ஆய்க. கடையாணி கழன்ற தேர் எத்துணைப் பெரிதாயினும் கவிழும்!

இனி, நெஞ்சைச் சுடும் செய்திக்கு வருவோம். திருவொற்றியூரிலும் அரக்கோணத்திலும் ஒரகடத்திலும் வட்டைகள் உருவாகின்றன. பாடியில் உருளிகள் உருவாகின்றன. தமிழ்மண்ணில், தமிழ்த் தொழிலாளர் கையால் உருவாகும் இப்பொருள்களை, இவற்றை உருவாக்கிய தொழிலாளியின் மகன் விளங்கிக்கொள்ள ஆங்கிலம் கற்றாக வேண்டுமாம்! இஃது எவ்வகை முறை?

அக்குறிகள் உலகப் பொதுவானவை என்பர் சிலர். ஆம், எண்ணையும் குறியையும் மாற்றுமாறு நாம் கேட்கவில்லை. அவற்றின் பொருளைத் தமிழில் விளக்கும் தாள் ஒன்றையேனும் வட்டையோடு தருக என்றே கேட்கின்றோம். ஓட்டத்தட நெறிமுறைகளும் காப்புரைகளும் தமிழிலும் இருக்கட்டும் என்கின்றோம். செருமானியரும் சப்பானியரும் தத்தம் மொழியில் ஊர்தி நுட்பம் கற்றே உலகிற்கு ஊர்தி விற்கின்றனர். நமக்கு மட்டும் தாய்மொழி தடையாகுமோ?

அரசும் ஆலையும் அசையும்வரை காத்திராதீர். அடுத்த முறை கடையேறும்போது வட்டை என்றே கேளுங்கள். அகலம், சுமை, விரைவு, செய்த நாள் நான்கையும் தமிழில் வினவுங்கள். விற்பவர் சிரிக்கட்டும், இரண்டாம் முறை கேட்டால் விடை சொல்வார், மூன்றாம் முறை தாமே தமிழில் சொல்வார். மொழி காப்பது மேடையில் மட்டும் அன்று. தரைக்கும் ஊர்திக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் உயிர் ஊசலாடும் இடத்திலும் அது நம் கடமையே!