கம்ப்ரஸர் துணைக்கருவி மட்டும்தானா?

கப்பலின் பெரிய டீசல் எஞ்சினைச் சுழற்றித் தொடங்கிவைப்பது, கலன்களில் சுமார் 30 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கும் காற்று. அதைத் தரும் கம்ப்ரஸரைத் துணைக்கருவிதானே என்று ஒதுக்கும் வழக்கம் ஆபத்தானது. 1960-ல் லாஸ் பால்மாஸ் அருகே 'கேப்டவுன் காசில்' பயணிகள் கப்பலின் எஞ்சின் அறையில், இந்தத் தொடக்கக் காற்று அமைப்பு வெடித்து 7 பேர் இறந்தனர். கம்ப்ரஸரின் உயவு எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு போய்க் குழாயின் உட்புறம் படிகிறது. ஏதாவது ஒரு சிலிண்டரின் தொடக்க வால்வு கசிந்தால் எரிந்த சூடான வாயு பின்னோக்கி வந்து அந்த எண்ணெயைத் தொடும். அடுத்த முறை அழுத்தக் காற்று பாயும்போது தீப்பிடிக்க வேறொன்றும் வேண்டியதில்லை.

பாதுகாப்பு வால்வு, தீத்தடுப்பான், தானியங்கி வடிகால் எல்லாம் இருக்கின்றனவே என்பார்கள். முதல் இரண்டும் வெடிப்பின் வீரியத்தைக் குறைப்பவை, எண்ணெய் சேர்வதைத் தடுப்பவை அல்ல. தானியங்கி வடிகால் அடைத்துக்கொண்டாலோ, யாராவது போய்ப் பார்க்கும்வரை தெரியாது. வடிகால் வால்வைக் கையால் திறந்தால் வருவதைக் கண்ணால் பார்க்கலாம்: வெறும் தண்ணீரென்றால் காற்றின் ஈரம், பால்போல வெளுத்து எண்ணெய் கலந்து வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது காற்றுக் கிளைக்குழாய்களைத் தொட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். ஒன்று மட்டும் சுட்டால் அந்த சிலிண்டரின் வால்வு கசிகிறது. ஆட்கள் குறைவு, வேலை தலைக்கு மேல் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆட்களைக் குறைத்த முதலாளிகள், எஞ்சின் அறையில் நிற்பவர்கள் அல்லர்.