மலிவான மின்சாரக் கிதார்

இசை பயில விழையும் மாணவன் மின்சாரக் கிதார் ஒன்று வாங்க எண்ணுங்கால், பெரியோர் அவனுக்கு இருவேறு அறிவுரைகள் பகரக் கேட்கின்றோம். "வாங்கின் உயர்ந்ததையே வாங்குக" என்பர் ஒரு சாரார். "இவ்வாசை நிலைக்குமோ நிலையாதோ, கிடைத்ததை வாங்குக" என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பொருந்தா என்பதே நமது துணிபு.

முற்கூற்றை முதற்கண் ஆராய்வோம். மலிவு இக்கருவிக்கு இழுக்கன்று. கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துவந்த லியோ பெண்டர் என்பார், தாம் கிதார் வாசிக்க அறியாதவர். ஆயினும், கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டாது திருகாணிகளாற் பூட்டி, எளிதிற் செய்யத்தக்க கிதார்களை 1950-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தார். நேதன் டேனியல் என்பார் நிறுவிய டான்எலக்ட்ரோ தொழிற்சாலையோ, மரச்சட்டத்தின்மேல் அழுத்திய மரநார்ப் பலகையைப் பொருத்தியே கிதார் செய்தது. சியர்ஸ் வணிகத்தார் 1960-களில் 'சில்வர்டோன்' என்னும் பெயரால் விற்ற அத்தகைய கிதார் ஒன்றிற்கு, அதனை வைக்கும் பெட்டியினுள்ளேயே ஒலிபெருக்கியும் அமைந்திருந்தது.

இத்துணை எளிய பலகை எங்ஙனம் போதியதாயிற்று? வீணைக்குக் குடம்போல் இதற்கு ஒலிக்கூடு வேண்டுவதில்லை. செப்புக்கம்பி சுற்றிய காந்தத்தின்மேல் எஃகுத் தந்தி அதிரும்போது, 1831-இல் பாரடே கண்ட விதிப்படி கம்பியில் மின்னோட்டம் பிறக்கின்றது. அதனையே ஒலிபெருக்கி பெருக்குகின்றது. ஆதலின் உடலின் அழகிற்கும் மெருகிற்கும் பெரும்பொருள் ஈதல் வீண்.

ஆயின், மலிவு புகத்தகாத இடங்களும் உள. கழுத்து கோணுதலாகாது, முறுக்காணி நெகிழ்தலாகாது, மெட்டுகள் இடம் தவறுதலாகாது. வீணையின் மெட்டுகளை மெழுகினை இளக்கித் திருத்தலாம். கிதாரின் மெட்டுகளோ மரத்திற் பதிந்தவை. வாங்குமுன், 12-ஆம் மெட்டின்மேல் தந்தியை மெல்லத் தொட்டு மீட்டுக. பின் அழுத்தி மீட்டுக. இரண்டொலியும் ஒன்றாதல் வேண்டும். சிறு வேறுபாட்டைக் குதிரையிலுள்ள திருகாணி தீர்க்கும். மெட்டே பிழைபட்டிருப்பின் அக்கருவியை விட்டொழிக.

பிற்கூற்றின் தீங்கு இங்கேதான் உளது. பழுதுற்ற கருவியைப் பெற்ற இளைஞன் கருவியைக் குறைகூறான்; 'எனக்குச் செவியில்லை, விரலில்லை' எனத் தன்னையே நொந்துகொள்வான். சில திங்களில் கிதார் கட்டிலின்கீழ்ச் சென்றுவிடும். இழந்தது பணமன்று, ஒருவன் தன்பாற் கொண்ட நம்பிக்கையாம்.

ஆகவே, கையிலுள்ள பொருள் அனைத்தையும் கிதாருக்கே செலவிடாது, ஒரு பகுதியைச் சிறிய ஒலிபெருக்கிக்கும், மாற்றுத் தந்திகட்கும், தந்திகளின் உயரத்தைச் செவ்வனே அமைத்துத்தரும் கைதேர்ந்தார்க்கும் ஒதுக்குக. செவியிற் பொருத்திக் கேட்கும் கருவியும் உடனிருப்பின், விடுதியில் அடுத்த அறை நண்பனின் உறக்கமும் நட்பும் கெடா.

இறுதியாகப் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். புதியதினும் மலிவானது, ஒருவர் வாசித்துப் பழகிய நல்ல கருவியே. உங்கள் இல்லங்களில் வாளா கிடக்கும் கிதார் உளதேல், அதனை இளையான் ஒருவன் கையிற் சேர்ப்பிமின். உறையினுள் உறங்கும் தந்தி எவர்க்கும் இசை தருவதின்று.