விரலை விழுங்குவது விதியா?

சாலை போடும் வேலையில் யந்திரத்திற் சிக்கிக் கையிழந்த தொழிலாளியைக் கண்டால் நம்மவர் கூறும் சமாதானங்கள் இரண்டு. "அவன் தலையெழுத்து" என்பது ஒன்று. "அவனுடைய அஜாக்கிரதை" என்பது மற்றொன்று. முன்னது உறவினர் வாயினின்று வருவது. பின்னது மேஸ்திரியின் வாயினின்று வருவது. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவொட்டாமல் தடுக்கின்றன. அக்கேள்வியாவது: அவன் கை உள்ளே போனபோது அந்த யந்திரம் ஏன் ஓடிக்கொண்டிருந்தது?

சிங்கப்பூரின் சாலைகளுக்கும் நம்மவர் கைகளுக்கும் உள்ள தொடர்பு நேற்றுத் தோன்றியதன்று. 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகளைக் கொண்டு இந்நகரிற் பல சாலைகள் அமைக்கப்பட்டன. பின்னர்க் கூலிகளாய் வந்த தமிழர் கல்லுடைத்துத் தாரூற்றினர். இன்று தமிழ்நாட்டினின்றும் வங்காள தேசத்தினின்றும் வேலை அனுமதிச் சீட்டுடன் வருவோர் அவ்வேலையைச் செய்கின்றனர். சம்மட்டியின் இடத்தில் யந்திரம் வந்தது. கைக்குள்ள ஆபத்து மாத்திரம் அகலவில்லை.

விபத்து நேரும் விதத்தைப் பாருங்கள். தார்க்கலவை பரப்பும் யந்திரத்தின் பின்புறத்தில் திருகுபோற் சுழலும் தண்டொன்று உண்டு. கலவை அதில் இறுகிவிட்டால் நிறுத்திச் சுத்தம் செய்வதே முறை. ஆனால் நிறுத்தினால் கலவை ஆறும். லாரிகள் காத்து நிற்கும். ஆகவே ஓடும் தண்டையே ஒருவன் கிளறுகின்றான். மண்ணை இறுக்கும் யந்திரத்தில் சுழலும் பட்டைக்கு மேல் மூடி இருத்தல் வேண்டும். பழுதுபார்க்கக் கழற்றிய மூடி திரும்ப மாட்டப்படுவதில்லை. "கையுறை கொடுத்திருக்கின்றோமே!" என்பார்கள். சுழலும் உறுப்பின் அருகே அக்கையுறையே கையை உள்ளிழுக்கும் கயிறாகிவிடும்!

மண்தோண்டும் யந்திரத்தின் எண்ணெய்க் குழாயில் ஊசித்துளை விழுந்தால், அதை விரலால் தடவிப் பார்ப்பவன் தோலுக்குள் எண்ணெய் பீறிட்டுப் பாயும். வெளியே தெரிவது ஒரு புள்ளி. வலியும் முதலில் சொற்பம். உள்ளேயோ தசை அழியத் தொடங்கும். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிடில் விரலே போகலாம். இத்தகையவனிடம் "தைலம் தடவிக்கொண்டு வேலையைப் பார்" என்று சொல்வதும் விதியின் செயல்தானோ?

அஜாக்கிரதை என்னும் வாதத்தைச் சட்டமே புறக்கணித்துவிட்டது. சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் உரிமை கோருபவன் பிறர் தவறை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. வேலையினால் உண்டான காயமா என்பதே முதற்கேள்வி. விபத்து நேர்ந்து ஓராண்டுக்குள் கோரலாம். வேலை அனுமதி ரத்தானாலும் உரிமை ரத்தாகாது. ஒவ்வொரு விரலின் இழப்புக்கும் இத்தனை விழுக்காடு என்று அட்டவணையும் உண்டு. முன்னர் மூன்று நாட்களுக்கு மேற்பட்ட மருத்துவ விடுப்பு இருந்தாலே முதலாளி அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டும் என்றிருந்தது. 2020 செப்டம்பர் 1 முதல், ஒரு நாள் விடுப்பாயினும், விடுப்பின்றி இலகுவான வேலை மட்டும் செய்யலாமென்று மருத்துவர் எழுதினாலும் அறிவித்தே தீரவேண்டும். முந்திய கணக்கு யாருக்கு வசதியாயிருந்தது என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

சட்டம் நன்று. எனினும் அட்டவணை பேசுவது விரல் போன பின்னரே. ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கிக் கப்பலேறியவன், இன்று விமானமேறுபவன், "யந்திரத்தை நிறுத்துங்கள்" என்று சொல்ல அஞ்சுகின்றான். சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்னும் அச்சமே அவன் கையை உள்ளே தள்ளுகின்றது. அவனிடம் ஜாக்கிரதையைப் போதிப்பது, நீச்சல் தெரியாதவனை ஆற்றில் தள்ளிவிட்டுக் கரையினின்று புத்தி சொல்வது போலாகும்.

யாம் வேண்டுவன மூன்று. மூடியில்லாத யந்திரம் ஓடலாகாது. யந்திரத்துட் கையிடுபவன் முதலில் அதை நிறுத்தி, சாவியைத் தன் சட்டைப் பையிற் போட்டுக்கொள்ள வேண்டும். ஆபத்தைக் கண்டு நிறுத்தியவனுக்குக் கூலியும் வேலையும் குறையலாகாது. நேரம் வீணாகும் என்பார்க்கு ஒன்று கேட்கின்றோம்: நிறுத்தச் செல்வது சில நிமிஷம், போன விரல் திரும்ப எத்தனை நிமிஷம்?

தோழர்களே! ஞாயிறன்று சிராங்கூன் சாலையில் கட்டுப்போட்ட கையுடன் ஒரு தொழிலாளி நின்றால், அவனுக்கு விதியைச் சொல்லாதீர்கள்; சட்டத்தைச் சொல்லுங்கள். அவன் தலையில் எழுதியவனை யாரும் கண்டதில்லை. மூடியைக் கழற்றி எறிந்தவனை அவ்விடத்தில் எல்லாரும் கண்டிருக்கின்றனர்.