நிலைய வாயிலும் சீட்டின்றிச் செல்வோரும்

திருநெல்வேலிச் சந்திப்பிற்குக் காலை வண்டி வந்து சேரும் வேளையில் நாம் பன்முறை கண்ட காட்சியொன்றுண்டு. வாயிலிற் பரிசோதகர் நிற்கிறார் என்னுஞ் செய்தி எவ்வாறோ வண்டி முழுதும் பரவிவிடும். உடனே சிலர் நடைமேடையின் கோடிக்கு விரைந்து, சரிவில் இறங்கித் தண்டவாளத்தின் ஓரமாய் மறைவர். அவர்களுட் புத்தகமேந்திய மாணவரும் உளர் என்பதை மறைப்பதற்கில்லை. பின்னர் வகுப்பறையில் அதனை ஒரு வீரச் செயலாகவே பேசக் கேட்டிருக்கிறோம். கேட்டு நகைத்தும் இருக்கிறோம்.

சென்னை மெட்ரோவிற்போல் இங்கும் தானியங்கிக் கதவுகளை அமைத்துவிட்டால் இத்தீமை ஒழியும் என்பர் நண்பர் சிலர். அக்கூற்று ஆராயத்தக்கது. 2015-ஆம் ஆண்டு ஜூன் 29-இல் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய அவ்வண்டியின் நிலையங்கள் நிலத்தின்மேல் உயர்த்தியும், பின்னர் நிலத்தின்கீழ் அகழ்ந்தும் கட்டப்பெற்றவை. படிகளின் வழியன்றி மேடையை அடைதல் அரிது. அவ்வழி கதவைக் கடந்தே செல்லும். தூரத்திற்கேற்பக் கட்டணம் வேறுபடுதலின், புகும்போதும் வெளியேறும்போதும் கதவு சீட்டைக் கேட்கின்றது. ஆள் கடந்ததை ஒளியுணரிகள் அறிந்ததும் அது மூடிக்கொள்ளும். ஒருவர் முதுகை ஒட்டி மற்றொருவர் நுழைவதை இது பெரிதும் தடுக்கும், முற்றுந் தடாது.

நம் பாதையோ தரைமேற் கிடப்பது. திருச்செந்தூர் செல்லும் வழியிற் சிற்றூர் நிலையங்களை நோக்குமின்! மேடை சரிந்து மண்ணோடு கலக்கும். அப்பால் வயலும் வாழையும் பனையுமே. ஆண்டுக் கதவமைப்பது, வேலியற்ற தோட்டத்திற்குப் படலை மட்டும் கட்டியது போலாம்.

மதிலும் எழுப்புவோம் எனின், வேறொரு வினா எழுகின்றது. அக்கதவு யாரைத் தடுக்கும்? இடுப்பளவுச் சுழற்கதவைத் தாவுதல் இளைஞர்க்கு எளிது. நியூயார்க்கு நகரத்தார் இதனை நன்கறிவர். ஆளுயரத்திற்கு அமைப்பின், தீப்பற்றிய காலத்து அதுவே பெருங்கேடாகும். கருப்பட்டிக் கடகத்தைத் தலையிற் சுமந்துவரும் மூதாட்டியோ, கையிற் சீட்டிருந்தும், அதனை எங்கே காட்டுவதென அறியாது நிற்பார். சக்கர நாற்காலியில் வருவோர்க்கென அகன்ற கதவொன்று வேண்டும். அது நெடுநேரந் திறந்திருக்கும். வஞ்சகன் நுழைவதும் அவ்வழியே. ஆதலின் நேர்மையுடைய முதியோர் தடுமாற, காற்பலமுடைய கள்வன் தப்புவான். இதனை நாம் ஒப்புதற்கில்லை.

வியன்னாவிலும் பெர்லினிலும் சுரங்க வண்டி நிலையங்களிற் கதவே இல்லை. பரிசோதகர் வண்டியினுள் வந்து சீட்டைக் கேட்பர். இல்லாதார் தண்டஞ் செலுத்துவர். நம் நாட்டிலும் 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் கட்டணத்தோடு தண்டமும் விதிக்கின்றது. சட்டத்திற் குறையில்லை.

சீட்டு வழங்குஞ் சாளரங்கள் காலையில் மிகுதியாகத் திறக்கப்படுக. நெடுவரிசையைக் கண்டு சீட்டின்றி ஏறினோம் என்று நம்மவர் கூறுஞ் சாக்கு (அதிற் பாதி மெய்யே) அதனால் அறும். பரிசோதகரும் சந்திப்பின் வாயிலிற் காத்திராது, செய்துங்கநல்லூரில் ஏறி வருவாராக. ஓடும் வண்டியில் இறங்கி மறையச் சரிவேது?