மண்காப்போர்க்கு அளிக்கும் பொருள்

“தன் நிலத்தைத் தானே காத்தற்கு ஒருவனுக்கு அரசு பணம் கொடுப்பது எங்ஙனம் முறையாகும்?” என வகுப்பிலே மாணவனொருவன் என்னை வினவினான். ஐக்கிய அமெரிக்காவிற் கமக்காரர்க்கும் தனியார் காடுடையார்க்கும் அரசு அளித்துவரும் உதவியைப் பற்றி அவன் படித்திருந்தான்.

1934ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டு நடுச்சமவெளியின் மண் காற்றால் வாரப்பட்டு, வாஷிங்டன் நகரையுங் கடந்து, அத்திலாந்திக் கடலிற் சென்ற கப்பல்களின்மீதும் படிந்தது. வறட்சியோடு, புல்வெளியை வரையறையின்றி உழுதமையும் அதற்குக் காரணமாம். அடுத்த ஆண்டே மண்காப்புச் சட்டம் நிறைவேறியது. ஹியூ பென்னற் என்பார் தலைமையில் அதற்கெனத் தனிச் சேவையொன்றும் அமைந்தது.

மாணவனுக்குரிய விடை ஈண்டே உளது. ஒருவன் உழவினால் விளையுந் தீங்கு அவன் வேலிக்குள் அடங்காதவாறே, அவன் காத்த காட்டின் பயனும் வேலிக்குள் அடங்குவதில்லை. அந்நாட்டுக் காடுகளிற் பாதிக்கு மேற்பட்டவை தனியாருடையவை. அவை தரும் தூய நீரைக் கீழூரார் துய்ப்பர். உடையவனோ அதனைச் சந்தையில் விற்றல் இயலாது. ஆதலின் பொதுப்பொருளிலிருந்து ஒரு பங்கு அவனுக்கு உரியதே. 1996இல் தோன்றிய திட்டமொன்று காப்புப்பணிச் செலவிற் பொதுவாக 75 வீதம் வரை தருகின்றது. எஞ்சியதை அவனே இடுதல் வேண்டும். எனவே இது கூலியன்று, கூட்டு முயற்சியே என்றேன்.

“தானிய விலை ஏறினால் என்ன செய்வான், ஐயா?” என்றான் அவன். வினா கூரியது. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, எளிதில் அரிபடும் வயல்களைப் பத்து முதற் பதினைந்து ஆண்டுவரை புல்லும் மரமும் வளர விடுவோர் ஆண்டுதோறும் வாடகை பெற்றனர். 2007இல் அவ்வாறு விடப்பட்ட நிலம் 36 மில்லியன் ஏக்கருக்கு மேற்பட்டது. பின்னர்த் தானிய விலை ஏறிற்று; காங்கிரஸும் உச்சவரம்பைக் குறைத்தது. பத்தாண்டுக்குள் அது ஏறத்தாழ 24 மில்லியனாகச் சுருங்கிற்று. தவணை முடிந்த வயல்கள் பலவற்றில் மீண்டும் ஏர் புகுந்தது. ஆண்டு பல வளர்ந்த புல் ஒரு பருவத்தில் அழிந்தது.

சதுப்பு நிலங்களுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழி வகுத்தது. உடையவன் விரும்பின், உழும் உரிமையை என்றைக்குமாக அரசுக்கு விற்கலாம். நிலம் எவர் கை மாறினும் அக்கட்டு மாறாது. மிக நொய்ந்த மண்ணுக்கும் இவ்வழியே தக்கதென்பது என் கருத்து. செலவு முதலிற் பெரிதாகத் தோன்றும். ஆயின், பதினைந்தாண்டு வாடகை கொடுத்தபின்னும் மண்ணை இழப்பது அதனினும் பெருஞ் செலவன்றோ?