கேமரா யார் பக்கம் திரும்பியிருக்கு?

1/ அரசு ஆஸ்பத்திரியில டாக்டர் நேரத்துக்கு வர்றதில்லைன்னு உங்களுக்குக் கோபம் இருந்தா அது நியாயம்தான். வராதவர் மேல நடவடிக்கை எடுக்கட்டும். ஆனா அதுக்கு வைத்தியம்னு சொல்லி கொண்டு வர்ற கண்காணிப்பு வேலை செய்யுதான்னு கேளுங்க.

2/ 2025 மே 1 முதல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆதார் முகப்பதிவு, கூடவே ஜிபிஎஸ். உத்தரவு போட்டது தேசிய மருத்துவ ஆணையம். ஆள் வளாகத்துக்குள்ள இருக்காரான்னு ஆப் சொல்லும். காசநோய் மாத்திரையைப் பாதியில விட்டவரை உட்கார வச்சுப் பேசினாரா? ஆப்புக்குத் தெரியாது. அந்த வார்டுல எத்தனை பணியிடம் காலின்னும் அது காட்டாது.

3/ இதே வைத்தியத்தை நூறு நாள் வேலையில ஏற்கெனவே கொடுத்துப் பார்த்தாச்சு. 2023 ஜனவரி 1 முதல் என்.எம்.எம்.எஸ். ஆப் கட்டாயம். தினம் ரெண்டு தடவை போட்டோ. 2025 ஜூலையில மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டுச்சு: சம்பந்தமில்லாத படங்கள் ஏறுது, போட்டோவையே போட்டோ எடுத்து ஏத்துறாங்கன்னு. திருடுறவன் வழி கண்டுபிடிச்சுட்டான். சிக்னல் இல்லாத கண்மாய்க்கரையில வெயில்ல நின்ன அம்மாவுக்குத்தான் கூலி போச்சு.

4/ இப்போ நம்ம ஊருக்கு வாங்க. 2018 மே 22. ஸ்டெர்லைட் போராட்டத்தோட நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் செத்தாங்க. மஃப்டியில வேன் மேல ஏறிக் குறி பார்த்ததை நாடே பார்த்துச்சுன்னா, கேமரா இருந்ததாலதான். மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் இன்டர்நெட் கட். நம்மளைப் பார்க்கிற கேமரா எப்பவும் ஆன்ல இருக்கணும். அவங்களைப் பார்க்கிற கேமராவுக்கு மட்டும் ஒரே உத்தரவுல இணைப்பு போயிடும்.

5/ சட்டமும் அதே பக்கம்தான் சாயுது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, அரசு தன்னோட அமைப்புகளுக்குத் தானே விலக்கு கொடுத்துக்கலாம். அதே சட்டம் ஆர்டிஐ-யில தனிநபர் தகவல் பிரிவையும் திருத்தி, அதிகாரிகளைப் பத்திக் கேட்கிற வழியைக் குறுக்கிடுச்சு.

6/ இந்தக் கடற்கரைக்கு இது புதுசும் இல்ல. முத்துக்குளிப்புக் காலத்துல மூச்சடக்கி மூழ்கினவருக்கு மூணுல ஒரு பங்கு, மிச்சம் சர்க்காருக்கு. ஆனா காவல் போட்டது மூழ்கினவர் மேலதான்.

7/ அதனால எங்களைக் கண்காணிக்காதீங்கன்னு நான் கேட்கல. மேலயும் பாருங்கன்னு கேட்கிறேன். உங்க ஊர் ஜி.எச்.-ல அனுமதிச்ச பணியிடம் எத்தனை, காலி எத்தனை, எந்த மருந்து ஸ்டாக் இல்ல? ஓ.பி. வாசல்லயே போர்டு வைக்கச் சொல்லுங்க. இன்டர்நெட் முடக்குற உத்தரவை வெளியிடணும்னு 2020 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லிருக்கு. அடுத்த தடவை நெட் போனா, உத்தரவு எங்கேன்னு கேளுங்க.

டாக்டர் வந்தாரான்னு கேட்கிற உங்களுக்கு, டாக்டரை ஏன் போடலைன்னு கேட்கவும் உரிமை இருக்கு.