பாக் நீரிணை இறால் தொழிலை மீட்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், இராமநாதபுரம், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: இழுவைமடித் தொழிலிலிருந்து மீனவர்கள் விலகுவதற்கான செலவை அரசே ஏற்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே உடன்பாட்டையடுத்துக் கேரளத்தின் நீண்டகரையில் வேரூன்றிய விசைப்படகு மீன்பிடிப்பு, ஏற்றுமதி இறாலுக்குக் கிடைத்த விலையாலும் அரசு மானியத்தாலும் பின்னர் பாக் நீரிணைக் கரைக்கும் பரவியது. பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாத இக்கடலின் கடற்புல் படுகைகளில்தான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன. இழுவைமடி, அதாவது இரு பலகைகளால் வாய் விரிக்கப்பட்டு அடித்தரையைத் தொட்டபடி இழுக்கப்படும் பைவலை, அந்தப் புல்லையே பெயர்த்து வருகிறது. இன்று மடியை அவிழ்த்துக் கொட்டினால், இறாலைவிட மீன்தூள் ஆலைக்குப் போகும் சங்காயம் எனும் கழிவு மீனே மிகுதியாகக் குவிகிறது.

இலங்கைப் போர்க்காலத்தில் வடபகுதி மீனவர்கள் கடலிறங்க முடியாதிருந்தபோது எதிர்க்கரையில் கிடைத்த இறால், இங்கு இறால் குறைந்ததைப் பல்லாண்டு மறைத்தது. 2009இல் போர் முடிந்து அவர்கள் கடலுக்குத் திரும்பினர்; 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது; அதன்பின் எல்லை தாண்டுவோர் படகையும் இழந்து சிறையும் செல்கின்றனர். வலை அறுபடும் எதிர்க்கரை மீனவரின் இழப்பும் உண்மையே என்பதை எங்கள் மீனவர் சங்கம் மறுக்கவில்லை. இந்நிலையில், 2009 முதல் பண்ணைகளில் பெருகிய வனாமி இறால் ஒருபுறமும், ஆமை விலக்குக் கருவி இல்லாத காரணத்தால் 2019இல் அமெரிக்கா இந்தியக் கடல் இறாலுக்கு விதித்த தடை மறுபுறமும் விலையை நெருக்குகின்றன.

2017இல் அறிவிக்கப்பட்ட ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் சரியான வழியே. ஆனால் 80 லட்சம் ரூபாய் எனத் தொடக்கத்தில் மதிப்பிடப்பட்ட ஆழ்கடல் படகுக்கு 70 விழுக்காடு மானியம் போக, கடனும் சொந்தப் பங்குமாக 24 லட்சம் மீனவர் தலையில் விழுகிறது. மானியம் தந்து இழுவைமடியை வளர்த்த அரசே அதிலிருந்து விலகும் செலவையும் ஏற்பது நியாயமாகும். எனவே, பழைய படகுகளை உரிய விலைக்கு அரசு வாங்கிக்கொள்ளவும், மீனவர் பங்கை முழுமையாகத் தள்ளுபடி செய்யவும், படகு மாறும்வரை கொச்சி மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த ஆமை விலக்குக் கருவியை இலவசமாக வழங்கவும், இரு படகுகள் சேர்ந்து இழுக்கும், ஏற்கெனவே தடைசெய்யப்பட்ட இரட்டைமடியை முற்றாக ஒழிக்கவும், படகு உரிமையில்லாத கூலி மீனவர்களையும் இறால் தரம்பிரிக்கும் பெண்களையும் நிவாரணப் பட்டியலில் சேர்க்கவும் சங்கம் கோருகிறது.

அடுத்த மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15க்கு முன்பாக, நாட்டுப்படகு, விசைப்படகு ஆகிய இரு தரப்பினரையும் அழைத்துப் பேசி எழுத்துவடிவில் ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்